கணினி யாருடைய மொழியில் அனுமதி கேட்கிறது?

கணினி ஓயாமல் கேள்வி கேட்கும் கருவி. சேமிக்கட்டுமா, அழித்துவிடட்டுமா, இந்த நிரல் கணினியில் மாற்றம் செய்ய விடலாமா, உங்கள் இருப்பிடத்தை இந்தத் தளம் தெரிந்துகொள்ளலாமா, கடவுச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளட்டுமா என்று நாள் முழுவதும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தக் கேள்விகளுக்கு நாம் சொல்லும் பதிலைப் பொறுத்தே நம் கோப்பும் பணமும் அந்தரங்கமும் பத்திரமாக இருக்கின்றன, அல்லது கைவிட்டுப் போகின்றன.

மும்பையின் தேவ்நாரில், கோவண்டி ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடைகளிலும் கம்ப்யூட்டர் கிளாஸ்களிலும் வந்து உட்காருகிறவர்கள் வீட்டில் பேசுவது மராத்தி, உருது, இந்தி, தமிழ். எதிரே இருக்கும் திரை கேள்வி கேட்பது ஆங்கிலத்தில். கேள்வி புரியாமல் சொல்லும் சம்மதத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இந்தத் திரையைத் தமிழுக்கு மாற்றும் வசதி இருபது ஆண்டுகளாக இருக்கிறது என்பதுதான் இதில் வருந்த வேண்டிய செய்தி. வசதி இருக்கிறது, அதை மக்கள் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பை எவரும் ஏற்கவில்லை. பொதுப் பணத்தில் வாங்கும் ஒவ்வொரு கணினியும் தன் முன்னால் உட்காருபவரின் மொழியில் பேச வேண்டும், அந்த மொழியை மாற்றிக்கொள்ளும் உரிமை அவர் கையில் இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கோரிக்கை.

தட்டச்சு வேறு, திரை வேறு

கணினித் தமிழ் என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது தட்டச்சு. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து உறுதியான தமிழ்99 விசைப்பலகை, எழுத்துருக் குழப்பங்கள், யூனிகோடு வந்து அவற்றைத் தீர்த்த கதை ஆகியவற்றை நாம் நிறையப் பேசியிருக்கிறோம். தமிழில் எழுதவும் படிக்கவும் முடிகிறது என்பதோடு வேலை முடிந்துவிட்டதாக ஓர் எண்ணம் படிந்துவிட்டது.

இயங்குதளத்தின் காட்சி மொழி இதிலிருந்து வேறுபட்டது. நாம் எழுதும் மொழியை அது தொடுவதில்லை. கணினி நம்மிடம் பேசும் மொழியை அது தீர்மானிக்கிறது. பட்டியல்கள், பொத்தான்கள், எச்சரிக்கைகள், பிழைச் செய்திகள், உதவிக் குறிப்புகள் எல்லாம் அதில் அடக்கம். தமிழில் அருமையாகத் தட்டச்சு செய்யும் ஒருவர், அந்தக் கோப்பை மூடும்போது ஆங்கிலத்தில் எழும் கேள்விக்கு முன்னால் தயங்கி நிற்பதை எந்த டிடிபி கடையிலும் பார்க்கலாம்.

அந்தக் கேள்வியைச் சற்று உற்றுப் பார்ப்போம். மாற்றங்களைச் சேமிக்க விருப்பமா என்று ஒரு பெட்டி கேட்கிறது. கீழே மூன்று பொத்தான்கள்: சேவ், டோன்ட் சேவ், கேன்சல். ஒன்றை அழுத்தினால் இரண்டு மணி நேர உழைப்பு தங்கும். இன்னொன்றை அழுத்தினால் அத்தனையும் போகும். மூன்றாவதை அழுத்தினால் ஒன்றும் ஆகாமல் பழைய இடத்துக்கே திரும்பலாம். ஆங்கிலம் பழகாதவருக்கு முதல் இரண்டும் ஒரே சொல்லில் முடிகின்றன. மூன்றாவது ‘ரத்து’ என்ற பொருளில் பயமுறுத்துகிறது. எழுதியதையே ரத்து செய்துவிடுமோ என்று அஞ்சி, மூன்றில் அபாயமே இல்லாத பொத்தானைத் தவிர்க்கிறார்கள். கடைசியில் பெரும்பாலானவர்கள் இடத்தை மனப்பாடம் செய்துகொள்கிறார்கள்: இடது ஓரத்தில் இருப்பதை அழுத்து, நீல நிறத்தில் இருப்பதை அழுத்து. அடுத்த பதிப்பில் பொத்தான்கள் இடம் மாறினால் அந்தப் பாடம் பயன்படாது.

அன்றாட வேலைக்குப் படக்குறிகளும் பழக்கமும் போதும் என்று வாதிடலாம். அதில் உண்மையும் உண்டு. கத்தரிக்கோல் படத்தைக் கண்டு வெட்டவும் அச்சுப்பொறிப் படத்தைக் கண்டு அச்சிடவும் யாரும் கற்றுக்கொள்வார்கள். படக்குறிகளால் கேள்வி கேட்க முடியாது. தெரியாத நிரல் ஒன்று கணினிக்குள் நுழைய அனுமதி கேட்கும்போதும், வட்டில் இருப்பதையெல்லாம் அழிக்கப்போவதாக எச்சரிக்கும்போதும் முழு வாக்கியத்தைப் படித்தாக வேண்டும். மொழி தேவைப்படுவது சரியாக அந்த இடத்தில். அங்கே புரியாமல் ‘யெஸ்’ அழுத்திப் பழகியவர்களின் கையைத்தான் இணைய மோசடிக்காரர்களும் நம்பியிருக்கிறார்கள்.

இருபது ஆண்டு உழைப்பு

இந்தத் திரையைத் தமிழாக்க உழைத்தவர்கள் பலர். 1991இல் வெளியான யூனிகோடு முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. விண்டோஸ் 2000இல் லதா எழுத்துருவோடு தமிழ் அதிகாரபூர்வமாக நுழைந்தது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் மைக்ரோசாஃப்ட் தமிழுக்கு மொழி இடைமுகத் தொகுப்பை இலவசமாகவே தந்தது. 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 தமிழைத் திரை மொழியாகச் சேர்த்தது.

நிறுவனங்களுக்கு முன்னால் தன்னார்வலர்கள் இந்த வேலையைத் தொடங்கிவிட்டார்கள். புத்தாயிரமாண்டின் தொடக்கத்தில் லினக்ஸுக்கான கேடிஇ, க்னோம் ஆகிய இரண்டு பணிமேடைகளையும் தமிழாக்கும் வேலையைத் தமிழகம், இலங்கை, சிங்கப்பூர், அமெரிக்கா என்று சிதறிக் கிடந்த தமிழர்கள் மடற்குழுக்களில் கூடிச் செய்தார்கள். ஃபயர்ஃபாக்ஸையும் ஓப்பன் ஆபீஸையும் தமிழாக்கிய ‘தமிழா’ குழு, ‘ழ கணினி’ முயற்சி, உபுண்டு தமிழ்க் குழு எல்லாம் அந்த வரிசையில் வருபவை. 2005 ஏப்ரல் 15 அன்று சென்னையில் மத்திய அரசு தமிழ் மென்பொருள் குறுவட்டை வெளியிட்டு இலவசமாக வழங்கியது. 2007இல் சென்னை சி-டாக் நிறுவனத்தின் ‘பாஸ்’ லினக்ஸ் வந்தது.

இந்த வரலாற்றில் மும்பைக்கும் பெரிய பங்கு உண்டு. ஜூஹுவில் இயங்கிய தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், லினக்ஸில் இந்திய எழுத்துகள் சரியாக வரைய ‘இண்டிக்ஸ்’ திட்டத்தை நடத்தியது. மங்கள் உள்ளிட்ட இந்திய மொழி எழுத்துருக்களுக்குப் பின்னால் இருந்த ஆர்.கே. ஜோஷி மும்பை ஐஐடியில் கற்பித்தவர். லினக்ஸை இந்திய மொழிகளில் பேச வைக்கக் கிளம்பிய ‘இண்ட்லினக்ஸ்’ முயற்சி இந்த நகரில் முளைத்தது. ஆக, இந்திய மொழிகளில் கணினி பேசுவதற்கு அடித்தளம் போட்ட நகரங்களில் மும்பையும் ஒன்று. அந்த நகரின் ஏழை வார்டு ஒன்றில் அதன் பலன் தென்படவில்லை என்பதை நாம் எளிதாகக் கடந்துபோகக் கூடாது.

எங்கே தடைபடுகிறது?

முதல் தடை, தொடக்கத் திரை. புதிய ஆண்ட்ராய்டு போனைத் திறந்தால் அது முதலில் கேட்பது மொழியைத்தான். பட்டியலில் ‘தமிழ்’ என்று தமிழிலேயே எழுதியிருக்கும். உபுண்டு நிறுவியின் முதல் திரையும் அப்படித்தான். கடையில் வாங்கும் விண்டோஸ் மடிக்கணினி பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே விழிக்கிறது. தமிழுக்கு மாற வேண்டுமென்றால் செட்டிங்ஸ், அதற்குள் டைம் அண்ட் லாங்குவேஜ், அதற்குள் லாங்குவேஜ் அண்ட் ரீஜன், அங்கே தமிழைச் சேர்த்து, இணையத்திலிருந்து தொகுப்பு இறங்கும்வரை காத்திருந்து, கணக்கிலிருந்து வெளியேறி மறுபடி நுழைய வேண்டும். ஆங்கிலம் தெரியாததால் தமிழ் தேவைப்படுகிறவர், ஆங்கிலத்தில் இத்தனை படி ஏறினால்தான் தமிழை அடைய முடியும். இணையம் இல்லாத கணினியில் அதுவும் நடக்காது.

இரண்டாவது தடை, உரிமம். இந்தியாவில் விற்கும் விலை குறைந்த மடிக்கணினிகள் பலவற்றில் இருப்பது ‘விண்டோஸ் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’ என்ற பதிப்பு. பெயரே சொல்வதுபோல அந்த உரிமம் ஒரு காட்சி மொழிக்கானது. இன்னொரு மொழிக்கு மாறப்போனால், உங்கள் உரிமம் ஒரு காட்சி மொழியை மட்டுமே அனுமதிக்கிறது என்ற அறிவிப்பு வந்து நிற்கும். பல மொழி புழங்கும் நாட்டில், மொழித் தேர்வு மிகவும் தேவைப்படும் ஏழை வீட்டுக்குப் போகும் கணினியில்தான் அந்தத் தேர்வு சுருக்கப்படுகிறது. வாங்கும்போது கடைக்காரர் இதைச் சொல்வதில்லை. வாங்குபவருக்குக் கேட்கத் தெரிவதில்லை.

மூன்றாவது தடை, அரைகுறை மொழிபெயர்ப்பு. விண்டோஸில் தமிழ் முழு மொழித் தொகுப்பாக இல்லை. ஆங்கிலத்தின் மேல் விரிக்கப்படும் மேலடுக்காக இருக்கிறது. அதிகம் பயன்படும் பட்டியல்களும் பெட்டிகளும் தமிழில் வரும். மீதி இடங்களில் அடியிலிருக்கும் ஆங்கிலம் எட்டிப் பார்க்கும். லினக்ஸிலும் இதே நிலைதான். ஒவ்வொரு ஆங்கில வரிக்கும் கீழே தமிழ் வரியை நிரப்பும் கோப்புகளாக அங்கே மொழிபெயர்ப்பு நடக்கிறது. நிரப்பாத வரி ஆங்கிலத்திலேயே தோன்றும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வரும்போதெல்லாம் நூற்றுக்கணக்கில் புதிய வரிகள் சேர்கின்றன. மொழிபெயர்ப்பவர் ஓய்ந்துபோனால், அடுத்த பதிப்புகளில் திரை கொஞ்சம் கொஞ்சமாக ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடுகிறது. தமிழாக்கம் என்பது ஒருமுறை செய்து முடிக்கும் பணி என்று அரசுகள் நினைக்கின்றன. அது தொடர்ந்து பராமரிக்க வேண்டிய பணி. குறுவட்டு வெளியீட்டு விழாக்களுக்குக் கிடைத்த பணமும் கவனமும் பராமரிப்புக்குக் கிடைக்கவில்லை.

நான்காவது தடை, கணினியை அமைத்துத் தருகிறவர். பள்ளிக்கு வரும் டெக்னீஷியன், கடையில் விண்டோஸ் ஏற்றித் தருகிற பையன், அலுவலகத்தின் ஒப்பந்தக்காரர் எல்லோரும் தங்களுக்குப் பழகிய ஆங்கிலத்திலேயே அமைத்துவிட்டுப் போகிறார்கள். அதைப் பயன்படுத்தப் போகிறவரை யாரும் கேட்பதில்லை.

தேவ்நார் கற்றுத்தரும் பாடம்

தமிழ்நாட்டில் இந்தப் பிரச்சினையை ‘எல்லாக் கணினியும் தமிழில் இருக்கட்டும்’ என்று சுருக்கிச் சொல்லிவிடலாம். தேவ்நாரில் அது செல்லாது. ஒரு பக்கம் 1927 முதல் மும்பையின் குப்பை மலையாய்க் குவியும் கிடங்கு. அதை ஒட்டி சிவாஜி நகரும் பைங்கன்வாடியும். இன்னொரு பக்கம் மாநகராட்சிக் குடியிருப்புகள், அரசு ஊழியர் காலனிகள். சற்றுத் தள்ளி, டிராம்பேயில் சீத்தா கேம்ப். 1976இல் ஜனதா காலனியை இடித்தபோது அங்கிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள் உருவாக்கிய அந்தக் குடியிருப்பில் தமிழர்கள் கணிசமாக வாழ்கிறார்கள். இவையெல்லாம் அடங்கிய எம்-கிழக்கு வார்டு, 2009ஆம் ஆண்டுக்கான மும்பை மனித மேம்பாட்டு அறிக்கையில் நகரின் கடைசி இடத்தில் இருந்தது. இங்கே ஒரு கணினியைச் சுற்றி நாலு மொழி பேசும் பிள்ளைகள் உட்காருவது சாதாரணம். எந்த ஒரு மொழியை அதில் நிரந்தரமாக வைத்தாலும் மற்றவர்கள் வெளியே நிற்பார்கள்.

இதற்கான தீர்வு இயங்குதளத்துக்குள்ளேயே இருக்கிறது. காட்சி மொழியைக் கணினிக்கு ஒன்றாக வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பயனர் கணக்குக்கு ஒன்றாக வைக்கலாம். ஒரே உபுண்டு கணினியில் நாலு கணக்குகள் திறந்து பாருங்கள். தமிழ்க் கணக்கில் நுழைந்தால் பட்டியல்கள் தமிழில் வருகின்றன. வெளியேறி உருதுக் கணக்கில் நுழைந்தால் முழுத் திரையும் வலமிருந்து இடமாகத் திரும்பிக்கொள்கிறது. மூடும் பொத்தான்கூட எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. மராத்திக் கணக்கில் தேவநாகரி. ஒருவர் மொழியை மாற்றினால் மற்றவர் திரை கலைவதில்லை. மொழியை மாற்றி முதன்முறை நுழைந்ததும், நீங்கள் புதிய மொழியில் நுழைந்திருக்கிறீர்கள், ஆவணங்கள், பதிவிறக்கங்கள் போன்ற அடைவுகளின் பெயரையும் மாற்றிவிடலாமா என்று ஒரு பெட்டி கேட்கும். பழைய பெயரையே வைத்துக்கொள்ளவும் அதில் வழி உண்டு. ஆங்கிலப் பெயரோடு அடைவுகளைத் தேடிப் பழகிய ஆசிரியருக்கும் தமிழ்ப் பெயர் வேண்டும் என்கிற மாணவருக்கும் அந்தப் பெட்டி இடம் தருகிறது.

விண்டோஸிலும் ஒவ்வொரு கணக்குக்கும் தனித் திரை மொழி வைக்கலாம், உரிமம் இடம்கொடுத்தால். ஒரு கணக்கின் மொழி அமைப்பை வரவேற்புத் திரைக்கும் இனி உருவாகும் புதிய கணக்குகளுக்கும் நகலெடுக்கும் வசதியும் உண்டு. பள்ளி ஆய்வகத்தைப் பொறுப்பெடுத்தவர் ஒரே ஒருமுறை அதைச் செய்துவிட்டால் போதும். பெரும்பாலான ஆய்வகங்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ‘அட்மின்’ என்றோ ‘ஸ்டூடன்ட்’ என்றோ ஒரே கணக்குதான் இருக்கும். தனிக் கணக்கு கிடைக்காத பிள்ளைக்குத் தனி மொழியும் கிடைக்காது. ஆகவே மொழியைப் பற்றிய கோரிக்கை, அடிப்படையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கணக்கு என்ற கோரிக்கையும்கூட.

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது: மராத்தி, இந்தி, உருது, ஆங்கிலம், குஜராத்தி, தமிழ், தெலுங்கு, கன்னடம். இந்தியாவில் எந்த மாநகராட்சியும் பெருமையோடு சொல்லிக்கொள்ளக்கூடிய ஏற்பாடு இது. அந்த எட்டு மொழிகளும் விண்டோஸிலும் ஆண்ட்ராய்டிலும் லினக்ஸிலும் திரை மொழிகளாக இருக்கின்றன. பாடப்புத்தகத்தைத் தமிழில் தரும் மாநகராட்சி, அதே வகுப்பின் கணினியைத் தமிழில் தருவதற்குத் தொழில்நுட்பம் தடையில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மகாராஷ்டிரத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 5 லட்சம் பேர். ஒவ்வொருவரும் தன் கணக்கில் தன் மொழியை வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டில் மராத்தியின் முதலிடத்துக்கும் எந்தக் குறையும் வராது. மராத்திப் பிள்ளைக்கும் அதே ஏற்பாட்டால்தான் ஆங்கிலத் திரையிலிருந்து விடுதலை கிடைக்கும்.

இதைச் செய்ய வழிகாட்டி தேடி வெளியே போகவேண்டியதுமில்லை. 1954 முதல் தேவ்நாரில் இயங்கிவரும் டாடா சமூக அறிவியல் நிறுவனம் ‘க்ளிக்ஸ்’ என்ற கணினிவழிக் கல்வித் திட்டத்தை டாடா அறக்கட்டளைகளோடும் அமெரிக்காவின் எம்ஐடியோடும் சேர்ந்து நடத்தியது. ராஜஸ்தான், மிசோரம், சத்தீஸ்கர், தெலங்கானா மாநிலங்களின் அரசுப் பள்ளிகளுக்கு இந்தி, தெலுங்கு, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் பாடங்கள் போயின. அதற்கான மேடை சுதந்திர மென்பொருள். உருவாக்கியது, அதே வி.என். பூரவ் மார்க்கில் மான்குர்ட் பக்கம் இருக்கும் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் ஆய்வகம். 2017ஆம் ஆண்டுக்கான யுனெஸ்கோ விருது ஒன்றும் திட்டத்துக்குக் கிடைத்தது. தெலங்கானாவின் பிள்ளைக்குத் தெலுங்கில் கணினிப் பாடம் அமைத்துத் தந்த அறிவு இந்தச் சாலையில் இருக்கிறது. சாலையின் மறுபக்கத்துச் சந்துகளில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் உருதுப் பிள்ளைக்கும் அது எட்டுவதற்கு மாநகராட்சி கைகொடுத்தால் போதும்.

‘இங்கிலீஷ் பழகட்டுமே’

இந்தக் கோரிக்கைக்கு எதிராகப் பெற்றோரிடமிருந்தே வலுவான வாதம் ஒன்று எழும். வேலைக்குப் போகும் இடத்தில் ஆங்கிலத் திரைதான் இருக்கும், பிள்ளை இப்போதே அதைப் பழகட்டுமே என்பார்கள். குப்பைக் கிடங்கின் ஓரத்தில் வாழ்ந்துகொண்டு, கடன் வாங்கியாவது பிள்ளையைக் கம்ப்யூட்டர் கிளாஸில் சேர்க்கும் தாய்க்கு ஆங்கிலம் என்பது இந்த இடத்தைவிட்டு வெளியேறும் வழி. அந்த ஆசையை அலட்சியம் செய்ய யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் அந்தப் பிள்ளை ஒரே நேரத்தில் இரண்டு பாடம் படிக்கிறது: கணினி எப்படி வேலை செய்கிறது என்பது ஒன்று, ஆங்கிலம் இன்னொன்று. இரண்டும் புதிதாக இருக்கும்போது ஒன்று மற்றொன்றை மறைத்துவிடுகிறது. கோப்பு, அடைவு, நகல், நிறுவல் என்ற கருத்துகள் ஒரு மொழியில் மனதில் பதிந்தவருக்கு இன்னொரு மொழியின் பட்டியலில் அவற்றைக் கண்டுபிடிப்பது பெரிய வேலை இல்லை. மேலும், திரை மொழி ஒருமுறை வைத்தால் மாற்ற முடியாத ஒன்றல்ல. வெளியேறி மறுபடி நுழையும் நேரத்தில் ஆங்கிலத்துக்கு மாறலாம். முதல் பருவம் தமிழில், அடுத்த பருவம் ஆங்கிலத்தில் என்று ஆசிரியரே திட்டமிட்டு மாற்றலாம். இரு மொழியிலும் ஒரே பெட்டியைப் பார்த்த பிள்ளைக்கு அந்த ஆங்கில வாக்கியமும் சேர்ந்தே புரியும். ஆங்கிலம் பழகுவதற்கும் தாய்மொழித் திரை உதவும்.

இரண்டாவது வாதம், பழுதுபார்ப்பவர்களுடையது. தமிழில் பிழைச் செய்தி வந்தால் எப்படிச் சரிசெய்வது, இணையத்தில் அதைத் தேடினால் ஒன்றும் கிடைக்காதே என்கிறார்கள். இது உண்மையான சிரமம். இதற்கும் வழிகள் உண்டு. விண்டோஸின் பிழை எண் எந்த மொழியிலும் ஒன்றுதான். அந்த எண்ணைத் தேடலாம். கணக்குக்கு ஒரு மொழி என்ற முறையில் டெக்னீஷியனுக்கு ஆங்கிலத்தில் ஒரு கணக்கு இருக்கும். அவர் அதில் நுழைந்து சரிசெய்யலாம். வருடத்துக்கு இரண்டு முறை வந்துபோகிறவரின் வசதிக்காக, தினமும் உட்காருகிற முப்பது பிள்ளைகளின் திரையை ஆங்கிலத்தில் வைத்திருப்பது நியாயமாகாது.

மூன்றாவது, தமிழ்க் கலைச்சொற்கள் புரிவதில்லை என்ற குறை. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக மொழிபெயர்த்ததால் திரைக்குத் திரை சொல் மாறுகிறது என்பதும் உண்மை. இதைச் சீராக்கும் பொறுப்பு தமிழ் இணையக் கல்விக்கழகம் போன்ற அமைப்புகளுக்கு உண்டு. ஆனால் புழக்கத்துக்கு வராத சொல் என்றைக்கும் அந்நியமாகவே இருக்கும். தமிழில் போன் பயன்படுத்துபவர்களுக்கு ‘அமைப்புகள்’ என்பது இன்று சாதாரணச் சொல். தினமும் கண்ணில் பட்டதால் பழகியது. கணினியிலும் அப்படிக் கண்ணில் படட்டும்.

உலகம் செய்தது

1998இல் ஐஸ்லாந்து மைக்ரோசாஃப்டிடம் விண்டோஸை ஐஸ்லாந்து மொழியில் தரச் சொன்னது. அந்நாட்டின் மக்கள்தொகை அப்போது மூன்று லட்சத்தைக்கூட எட்டவில்லை. இவ்வளவு சிறிய சந்தைக்கு மொழிபெயர்ப்பதா என்று நிறுவனம் தயங்கியது. அரசு விடவில்லை. 1999 ஜனவரியில் உடன்பாடு ஏற்பட்டது: நிறுவனம் விண்டோஸை மொழிபெயர்க்கும், அரசு திருட்டு நகல்களைக் கட்டுப்படுத்தும். 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் மட்டும் தமிழ் பேசுவோர் 6.9 கோடி. பேரம் பேசும் வலிமை நமக்கு ஐஸ்லாந்தைவிடப் பல மடங்கு அதிகம். அதைப் பயன்படுத்தும் அரசியல் உறுதிதான் குறைவாக இருக்கிறது.

கனடாவின் கியூபெக் மாகாணம் நமக்கு இன்னும் நெருக்கமான முன்னுதாரணம். அங்குள்ள பிரெஞ்சு மொழிச் சாசனத்தில் 1997இல் சேர்த்த பிரிவு, இயங்குதளம் உட்பட எந்த மென்பொருளும் பிரெஞ்சில் கிடைக்க வேண்டும், பிரெஞ்சுப் பதிப்பே இல்லையென்றால்தான் விலக்கு என்கிறது. புதிதாக எதையும் உருவாக்கச் சொல்லவில்லை. இருக்கும் பதிப்பைக் கடையில் வை என்கிறது. தமிழின் நிலைக்கு இது அப்படியே பொருந்தும். தமிழ்ப் பதிப்பு இருக்கிறது, கடையில்தான் இல்லை.

இந்தியாவும் இதில் முற்றிலும் அனுபவம் இல்லாத நாடு கிடையாது. 2016இல் வந்த ஐஎஸ் 16333 தரநிலையின் மூன்றாம் பகுதி, இந்தியாவில் விற்கும் கைபேசிகள் 22 அலுவல் மொழிகளையும் படிக்கக் காட்ட வேண்டும், ஆங்கிலம், இந்தி, கூடவே குறைந்தது இன்னொரு இந்திய மொழி ஆகியவற்றில் எழுத வழி தர வேண்டும் என்றது. அரசு அதைக் கட்டாயமாக்கியது. கைபேசிக்குச் சொல்ல முடிந்ததை மடிக்கணினிக்கும் சொல்ல முடியும். கைபேசித் தரநிலையில் இல்லாத திரை மொழியையும் அதில் சேர்க்கலாம்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, அரசுகளும் மாநகராட்சிகளும் கணினி வாங்கும் டெண்டர்களில், ஒரே காட்சி மொழிக்கு மட்டும் உரிமம் தரும் பதிப்புகளை ஏற்கக் கூடாது. பயனர்கள் பேசும் மொழிகளின் தொகுப்புகளைக் கணினியில் முன்கூட்டியே ஏற்றித் தர வேண்டும். இணையம் இல்லாத வகுப்பறையிலும் மாற்ற முடிய வேண்டும். முதல் திரையில் மொழிப் பட்டியல் வர வேண்டும், ஒவ்வொரு மொழியின் பெயரும் அந்தந்த எழுத்தில்.

இரண்டாவதாக, பள்ளி, நூலகம், சேவை மையம் போன்ற பொது இடங்களில் ஆளுக்கொரு கணக்கு, கணக்குக்கொரு மொழி என்ற முறை வர வேண்டும். அதை அமைக்கவும் மொழியை மாற்றிக் காட்டவும் ஆசிரியர்களுக்கு அரைநாள் பயிற்சி போதும். கணினிப் பாடத்தின் முதல் வகுப்பிலேயே, திரை மொழியை எப்படி மாற்றுவது, எப்படித் திரும்புவது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

மூன்றாவதாக, மொழிபெயர்ப்புப் பராமரிப்புக்கு நிரந்தர நிதி வேண்டும். சுதந்திர மென்பொருளின் தமிழாக்கத்தை இருபது ஆண்டுகளாகத் தன்னார்வலர்கள் தங்கள் இரவு நேரத்தில் சுமந்தார்கள். ஒவ்வொரு பதிப்பிலும் விடுபடும் வரிகளை நிரப்பச் சம்பளம் பெறும் ஒரு சிறு குழுவைத் தமிழ்நாடு அரசு அமர்த்தினால், அதன் பலன் சீத்தா கேம்ப் முதல் யாழ்ப்பாணம், கோலாலம்பூர்வரை போய்ச் சேரும். அந்த வேலையில் எச்சரிக்கைகளுக்கும் அனுமதிப் பெட்டிகளுக்கும் முதலிடம் தர வேண்டும்.

2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி தருவதாக அறிவித்தது. இத்தனை பெரிய கொள்முதலில் மொழித் தேர்வைக் கட்டாய நிபந்தனையாக்கினால் எந்த நிறுவனமும் மறுக்காது. தமிழ்த் திரையின் விடுபட்ட இடங்களை நிரப்பவும் நிறுவனங்கள் முன்வரும். தமிழ்நாடு அப்படிச் செய்துவிட்டால், எட்டு மொழிகளில் பள்ளி நடத்தும் மும்பை மாநகராட்சியிடம் தேவ்நார்த் தமிழர்கள் அதையே எடுத்துக்காட்டிக் கேட்கலாம். கேட்கவும் வேண்டும், தமிழுக்கு மட்டுமல்லாமல் பக்கத்து வீட்டு உருதுக்கும் மராத்திக்கும் சேர்த்தே. மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய கணினி அந்த மக்களிடம் அவர்களுக்குப் புரியும் மொழியில் அனுமதி கேட்பது, அவர்களுக்குச் சேர வேண்டிய குறைந்தபட்ச மரியாதை.